திரைமேல் போட்ட பழி

1

இந்தக் கதை ஓர் எரிச்சலில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறொரு கதையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது என் கணினித் திரையில் எழுத்தெல்லாம் ஈரத்தில் ஊறியதுபோல் மங்கிவிட்டது. பழுது பார்க்க வந்த பெண், வயரைக் கழற்றி மாட்டிக்கொண்டே சொன்னார்: "திரை கெட்டதுன்னு தெரியாம, கண்ணு போச்சுன்னு அழுதவங்களை எல்லாம் பார்த்திருக்கேங்க." சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அந்தப் பேச்சு போகவில்லை.

முதலில் எழுதிய தொடக்கம்: "ஒருங்கிணைந்த வரைகலைச் சில்லு என்பது யாதெனில்…" வேண்டாம். நானே படிக்க மாட்டேன்.

இரண்டாவது: "கணவன் கண்ணைக் கசக்கியபடி அவளை…" இதுவும் வேண்டாம். கணவன் மனைவி என்று வைத்தால் மூன்றாம் பக்கத்தில் சண்டை வந்துவிடும்; கதை அதன் பின்னாலேயே ஓடிவிடும்.

ஆகவே அக்கா, தங்கை.

2

தங்கை பக்கம் வடிவமைப்பவள். அக்கா மெய்ப்புத் திருத்துபவள். வீட்டின் முன்னறைதான் அலுவலகம். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருப்பார்களே, யாரும் படிக்காத பொடி எழுத்துத் தாள், அதைத்தான் இருவரும் தயார் செய்தார்கள். தங்கை எழுத்துகளைக் கட்டத்துக்குள் அடக்குவாள். அவள் எழுந்ததும் அக்கா அதே நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாகப் பார்ப்பாள். அச்சகத்தில் அக்காவுக்குக் கழுகு என்று பெயர். "கழுகு பார்த்தாச்சா?" என்று கேட்ட பிறகுதான் இயந்திரத்தை ஓட்டுவார்கள். அக்காவுக்கு உள்ளுக்குள் பெருமைதான். வெளியே மட்டும், "நான் யார் வீட்டுக் கோழிக்குஞ்சைத் தூக்கினேன்?" என்பாள்.

(இந்த இடத்தில் அக்காவின் இளமைக் காலம் பற்றி ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். அவள் யாரென்று அவள் வேலை சொல்லட்டும்.)

ஒருநாள் கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு எழுந்தது. எழுந்ததிலிருந்து எழுத்துகளின் விளிம்பில் பிசிறு.

"எனக்கு மட்டுமாடி, உனக்கும் இப்படித்தானா?" அக்கா அவசரமாகக் கேட்டாள்.

"எனக்கும்தான். கொம்பும் காலும் ஒட்டிக்கிட்டுத் தெரியுது."

அக்கா பெருமூச்சு விட்டாள். தங்கை அதைச் சலிப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

3

வேலை நிற்கவில்லை. நின்றிருக்க வேண்டும். குழந்தைகளுக்கான இருமல் மருந்துத் தாளில் 2.5 மில்லி என்று இருக்க வேண்டிய இடத்தில் 25 மில்லி என்று போயிற்று. புள்ளியை விட்டவள் தங்கை. அதைப் பிடிக்காமல் விட்டவள் அக்கா. நல்லவேளை, அச்சகக்காரர் முதல் தாளிலேயே பார்த்துவிட்டார்.

"என்னம்மா இது? குழந்தை குடிக்கிற மருந்தும்மா!" தொலைபேசியில் அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

அக்கா தொலைபேசியை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். "இந்தப் பாழாப்போன திரையில புள்ளி எங்கடி தெரியுது?"

"ஆமாக்கா, திரைதான்," என்றாள் தங்கை. மனதாரத்தான் சொன்னாள்.

4

அன்றே சரி செய்துவிடுவது என்று தங்கை வரிந்துகட்டிக்கொண்டாள். வெளிச்சத்தைக் கூட்டினாள், குறைத்தாள். வயரை மாற்றினாள். ஒன்றும் மசியவில்லை. கணினி வாங்கிய கடைக்குப் போன் போட்டாள்.

"தனியா கிராபிக்ஸ் கார்டு போட்டிருக்கீங்களா?"

"இல்லீங்க. பிராசஸரோட சேர்ந்தே வர்றதுதான்."

"அப்ப அதோட டிரைவர் போயிருக்கும். அப்டேட்ல அப்படி ஆகும். ரெசல்யூஷன், அதான் திரையோட புள்ளிக் கணக்கு, எவ்வளவு காட்டுது பாருங்க."

(ஓர் அடிக்குறிப்பு, அடியில் போட இடமில்லாததால் இங்கேயே: டிரைவர் என்பது கணினிக்குத் திரையின் அளவைச் சொல்லிக்கொடுக்கும் நிரல். அது போய்விட்டால் கணினி குத்துமதிப்பாகச் சின்னப் படம் ஒன்றை வரைந்து, பெரிய திரைக்கு இழுத்து விரித்துவிடும். சின்னத் துணியைப் பெரிய கட்டிலுக்கு இழுத்தால் என்ன ஆகுமோ அதுதான்.)

கடைக்காரர் சொல்லச் சொல்லத் தங்கை உரிய டிரைவரை இறக்கி ஏற்றினாள். திரை ஒருகணம் கறுத்தது. பிறகு எழுத்துகள் கழுவித் துடைத்தாற்போல் வந்து நின்றன. புள்ளி, புள்ளியாக இருந்தது.

"அக்கா, இங்க வா! இப்பப் பாரு!"

அக்கா குனிந்து பார்த்தாள். "ஆங்… கண்ணாடி மாதிரி இருக்குடி!"

கதை இங்கே முடிந்திருந்தால் எல்லோருக்கும் நிம்மதி.

5

இதற்கு அடுத்து நான் எழுதியது இது: தங்கைக்குச் சந்தேகம் வந்தது, வேண்டுமென்றே திரையைப் பழையபடி மங்கலாக்கி, அக்கா கண்டுபிடிக்கிறாளா என்று ஒளிந்திருந்து… அடித்துவிட்டேன். அக்காவுக்குத் தேர்வு வைக்கிற தங்கை இல்லை இவள். தவிர, சந்தேகப்படும் அளவுக்கு அவள் அக்காவை நம்பாமல் இருந்ததே இல்லை.

நடந்தது தற்செயல். மறுநாள் காலை கணினி மறுபடியும் தன் இஷ்டத்துக்குப் புதுப்பித்துக்கொண்டது. தங்கை பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அக்கா உட்கார்ந்து வேலையை ஆரம்பித்துவிட்டாள். தங்கை ஈரக் கையோடு உள்ளே வந்தபோது அக்கா திரும்பாமலே, "நேத்து நீ சரி பண்ணினதிலிருந்து வேலை சர்ருன்னு ஓடுதுடி," என்றாள்.

தங்கை திரையைப் பார்த்தாள். எழுத்தெல்லாம் பிசிறு பிசிறாக மங்கிக் கிடந்தது.

6

இங்கே என் பேனாவும் நின்றது. (பேனா இல்லை, விசைப்பலகை. பழக்கம்.) அவள் சொல்லுவாளா, மறைப்பாளா? மறைத்தால் நல்ல சோகக் கதை கிடைக்கும். ஆனால் அந்தத் தாளை நம்பி யாரோ ஒரு தாய் கரண்டியைச் சாய்ப்பாள். தங்கைக்கு அது தெரியும்.

"அக்கா. திரை மறுபடியும் போச்சு."

"எப்பலேருந்து?"

"நான் இப்பத்தான் பார்க்கிறேன். காலையிலேருந்தே இப்படித்தான் இருந்திருக்கும்."

அக்கா கையைச் சுட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப நான் எதைடி படிச்சேன்?"

அக்காவே சொன்னாள்: "அடுத்து என்ன வார்த்தை வரும்னு எனக்குத் தெரியும். எத்தனை வருஷமாப் பார்க்கிறேன்! வார்த்தையை ஊகிச்சிடலாம். எண்ணை ஊகிக்க முடியலை."

"எத்தனை நாளாக்கா?"

"ரொம்ப நாளா. நடுவுல ஒரு புகை மாதிரி. திரை மங்கினப்ப எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு, தெரியுமா? உனக்கும் தெரியலைன்னதும், அப்பாடா, பழி போட ஒண்ணு கிடைச்சுதேன்னு." கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "நீ அதையும் சரி பண்ணிட்ட."

தங்கை அவள் கையிலிருந்து கண்ணாடியை வாங்கி மேசைமேல் வைத்தாள். அச்சகக்காரருக்குப் போன் போட்டு, அனுப்பியதையெல்லாம் நிறுத்தி வைக்கச் சொன்னாள். பிறகு திரையைச் சரிசெய்து, அக்கா பார்த்த தாள்களை ஒன்றுவிடாமல் தானே படித்தாள். ஒவ்வோர் எண்ணையும் உரக்கச் சொல்லி இவள் மூலத்தோடு ஒத்துப் பார்க்க, அக்கா பக்கத்தில் உட்கார்ந்து காதால் கேட்டாள். இன்னும் இரண்டு தப்பு கிடைத்தது: முதலாவது அக்கா திருத்தப் போய்த் தப்பாக்கியது, இரண்டாவது தங்கை விட்டது. அக்கா அழவில்லை. "ரெண்டாவது உன் தப்புடி," என்று மட்டும் சொன்னாள்.

7

கண் மருத்துவமனை. சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். அக்காவுக்கு எதிரே எல்லாம் ஒரே வெள்ளை.

"சும்மா இருக்க முடியலை. சுவத்துல என்ன எழுதியிருக்கு, படி."

"'கண்களைக் கசக்க கூடாது.'"

"நடுவுல 'க்' இருக்கா?"

"இல்லைக்கா."

"பார்த்தியா! கண்ணுக்கு மருந்து விட்டா மட்டும் போதுமா? மெய்ப்பு யார் பார்க்கிறது?" வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தங்கையும் சிரித்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். அக்கா எழுந்து, எந்தப் பக்கம் கதவு என்று தெரியாமல், கையை நீட்டினாள்.

மருத்துவர் சொன்னதை இரண்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் வெறும் புரை, எடுத்துவிடலாம். படித்ததும் இனித்தது, பொய் மாதிரியும் இருந்தது. மற்றொன்றில் விழித்திரையே… அதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டையும் அழித்துவிட்டேன். அவர்கள் கைகோத்து உள்ளே போயிருக்கிறார்கள். கதவை நான் சாத்தவில்லை. என்னைவிடத் துணிச்சல் இருந்தால் நீங்கள் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.