வாடகை கட்ட வந்தவன்

ஏகாம்பரம் பணத்தை வாங்கவில்லை. கமலவேணி நீட்டிய நோட்டுகளைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

"இந்த மாத வாடகை வந்துவிட்டதே," என்றார் மலாயில். "நேற்று அந்தப் பையன் கட்டிவிட்டுப் போனான்."

"எந்தப் பையன், மாமா?"

"பூங்காவனத்தின் கொழுந்தன். பொன்னுதுரை."

கமலவேணி நோட்டுகளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மலாக்காவின் காஜா பேராங்கில் செட்டிகளின் நிலத்தில் பலகை வீடு கட்டிக் குடியிருந்தவர்களில் பூங்காவனமும் ஒருத்தி. வீடு அவளுடையது. அது நின்ற மண் ஏகாம்பரத்துடையது. மண்ணுக்கு மாதம் ஆறு வெள்ளி வாடகை. ஏகாம்பரம் மலாக்காச் செட்டி, பல தலைமுறைக்கு முன்பே வந்து குடியேறிய தமிழர் வம்சம்; கோயிலில் தேவாரம் கேட்டுக் கைகூப்புவார், ஆனால் வாயைத் திறந்தால் மலாய்தான். கமலவேணியின் தட்டுத்தடுமாறும் சந்தை மலாயை அவர் பொறுமையாகக் கேட்பார்.

பூங்காவனம் விதவை. அவள் மகள் சீதாவுக்குப் பிறவியிலேயே இடுப்பெலும்பு சரியில்லை. மெட்ராசில் அறுவை செய்தால் நடப்பாள் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, சித்திரை பிறந்த கையோடு மகளைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறிவிட்டாள். திரும்ப எட்டு மாதம் ஆகலாம், மேலேயும் ஆகலாம். போகுமுன் பக்கத்து வீட்டுக் கமலவேணியிடம் பின்கதவுச் சாவியையும் ஒரு மைலோ டின்னையும் கொடுத்தாள். டின்னில் நில வாடகைக்கும் லைட்டுக்கும் தண்ணீருக்கும் பணம் இருந்தது.

"வாடகைய மட்டும் ஒரு மாசம்கூட விட்டுடாத வேணி. வாடகைச் சீட்டு தவிர இந்த வீட்டுக்கு என்கிட்ட வேற காயிதம் கிடையாது."

விஷயம் அதுதான். நில வாடகையை யார் கட்டுகிறாரோ அவரைத்தான் நிலக்காரர் குடியாக எண்ணுவார். லைட் பில்லும் அவர் பேரில் வந்துவிட்டால் பிறகு கோர்ட்டுக்குப் போனாலும் அவரை அசைப்பது கடினம். பணம் கட்டாதவனைப் பற்றித்தான் கமலவேணி இதுவரை கேள்விப்பட்டிருந்தாள். கட்டத் துடிக்கிறவனைக் கண்டு பயப்படுவது இதுதான் முதல் முறை.

அவள் நேராகப் பண்டார் ஹிலிருக்குப் பஸ் ஏறி, லைட் பில் கட்டும் இடத்துக்குப் போனாள். அங்கேயும் பணம் கட்டியாகிவிட்டது. கவுண்டரில் இருந்தவர் நல்ல மனிதர். "பேர் மாத்தணும்னா என்ன செய்யணும்னு கேட்டாரும்மா. நிலக்காரர் எழுதிக் கொடுத்தா மாத்தலாம்னு சொல்லியிருக்கேன்," என்றார்.

அன்று சாயங்காலம் பொன்னுதுரையே வந்துவிட்டான். புக்கிட் ரம்பாய் செங்கல் சூளையில் கணக்கு எழுதும் கிராணி அவன். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் பேனா. கமலவேணியின் கணவர் நல்லையா அப்போதுதான் பஸ் கண்டக்டர் வேலை முடிந்து வந்து, சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"எதுக்கு அக்கா நீங்க வெயில்ல அலையிறீங்க? இனிமே எல்லாத்தையும் நான் பாத்துக்கிறேன். அண்ணிதான் எழுதியிருக்காங்க."

"என்ன எழுதியிருக்காங்க?"

"அங்கேயே தங்கிடப் போறாங்களாம். வீட்ட எடுத்துக்கன்னு சொல்லிட்டாங்க."

"எனக்கு அப்படி எழுதலியே தம்பி."

அவன் சிரிப்பு அப்படியே இருந்தது. குரல் மட்டும் இறங்கியது. "நீங்க யாரு அக்கா, உங்களுக்கு எழுதுறதுக்கு? நான் எங்க அண்ணன் ரத்தம். அந்த டின்ல எவ்ளோ இருந்துச்சு, எவ்ளோ எடுத்தீங்கன்னு நான் கேக்கல. ஆனா கோயில்ல நாலு பேரு முன்னால கேக்க வேண்டி வந்தா நல்லா இருக்காது. அண்ணனுக்கும் மரியாதை இல்ல," என்று நல்லையாவைக் காட்டினான்.

அவன் போன பிறகு நல்லையா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"கொடுத்துடு வேணி. டின்னையும் சாவியையும் கொடுத்துடு. அவங்க குடும்ப விஷயம். நாளைக்கு உனக்குத் திருடின்னு பேரு வந்தா நான் பஸ்ல எப்படி நின்னு டிக்கெட் கிழிக்கிறது?"

"அக்கா வந்து எங்க தங்குவாங்க? அந்தப் புள்ளைய எங்க படுக்க வைப்பாங்க?"

"அவன் ஆம்பள. நாம என்ன செய்ய முடியும்?"

 விடிந்ததும் கமலவேணி, போன வாரம் வந்திருந்த பூங்காவனத்தின் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஏகாம்பரத்தின் வீட்டுக்குப் போனாள். சீதாவுக்குக் காய்ச்சல் விடவில்லை, அறுவை தள்ளிப்போகிறது, எப்படியும் தை மாதத்துக்குள் ஊருக்கு வந்துவிடுவோம் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது.

ஏகாம்பரம் கடிதத்தை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் படிக்க வராது.

"அவனும் ஒரு கடிதம் காட்டினான். இதே போலச் சுழிச்சுழியாகத்தான் இருந்தது. அவன் படித்தது வேறு, நீ படிப்பது வேறு. நான் எதை நம்ப?"

 பொய்யை மெய்யிலிருந்து பிரித்துக்காட்ட கமலவேணியிடம் இருந்தது இந்த ஒரு காகிதம்தான். அதுவும் இவர் கண்ணுக்கு வெறும் கோடுகள்.

ஏகாம்பரம் மறைக்காமல் சொன்னார். பொன்னுதுரை மாதம் பத்து வெள்ளி தருவதாகச் சொல்லி, ஓராண்டுப் பணத்தையும் முன்பணமாகக் கொடுத்திருந்தான். மகள் பத்மினிக்குக் கல்யாணம் நெருங்குகிறது. பணம் அலமாரியில் இருக்கிறது. மாதம் முடிவதற்குள், இனி அவன்தான் குடி என்று அவன் கேட்டபடி எழுதிக் கொடுக்க வேண்டும்.

"நான் கெட்டவன் இல்லை," என்றார் அவர். "பூங்காவனம் திரும்பி வருவாள் என்று எனக்குத் தெரிந்தால் போதும்."

உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்த பத்மினி வெளியே வந்தாள். ஆங்கிலப் பள்ளியில் படித்த பெண். "தந்தி அடிக்கலாம் அக்கா. ஆங்கிலத்தில் நானே எழுதுகிறேன். பதிலை நேராக என் அப்பா பேருக்கு அனுப்பச் சொல்வோம். அதை யாரும் மாற்றிப் படிக்க முடியாது."

தந்திக்கு மைலோ டின்னைத் தொட கமலவேணிக்கு மனம் வரவில்லை. தன் காய்கறிச் செலவுக் காசிலிருந்து கட்டினாள். பதில் நாலைந்து நாளில் வந்துவிடும் என்றார்கள்.

வரவில்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். மணி ஏகாம்பரத்தின் வீட்டைத் தாண்டிப் போய்விடும். பூங்காவனம் முகவரி மாறியிருப்பாளோ, பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று மனம் எங்கெங்கோ போனது. தெருவில் இரண்டு பெண்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். பொன்னுதுரை சொன்னபடியே செய்யத் தொடங்கிவிட்டான் என்று புரிந்தது.

மாதத்தின் கடைசி நாள் மலாயாவின் சுதந்திர நாளாக வாய்த்தது. தெருவெங்கும் புதுக்கொடி. காலையிலிருந்தே ஆட்கள் கூட்டம் கூட்டமாகப் பண்டார் ஹிலிர் திடலுக்குப் போனார்கள். ஏகாம்பரம் சரிகைக் கரை வைத்த தலைக்கட்டோடு, பத்மினியோடு கிளம்பினார். நல்லையாவுக்கு அன்று ஓயாத வேலை. பஸ்கள் நிரம்பி ஓடின.

கமலவேணி போகவில்லை. தெரு காலியாகும் நாளில்தான் அவன் வருவான் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

லாரிச் சத்தம் கேட்டபோது உச்சிவெயில். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். லாரியின் பின்னால் கட்டில், மெத்தை, ஒரு மர அலமாரி. பொன்னுதுரை கையில் கடப்பாரையோடு இறங்கினான். முன்கதவின் பூட்டை உடைக்கத்தான்.

அவள் யோசிக்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு வேலி இடுக்கில் நுழைந்து, பூங்காவனத்தின் பின்கதவைத் திறந்து உள்ளே போனாள். உள்ளிருந்து அதைத் தாழிட்டாள். முன்கதவுக்கு ஓடி, இரண்டு தாழையும் போட்டாள். அம்மிக்கல்லை இழுத்துக் கொண்டுவந்து கதவில் முட்டுக் கொடுத்தாள். வெளியே பூட்டு நொறுங்கும் ஓசை. கதவு அதிர்ந்தது. திறக்கவில்லை.

"உள்ள யாரு?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு, ஒளிந்து நிற்க நான் என்ன திருடியா என்று கோபம் வந்தது.

"நான்தான். கமலவேணி."

"வெளிய வாங்க. இது என் அண்ணன் வீடு."

"பூங்காவனம் அக்கா வீடு. அவங்க வந்து சொன்னா கதவத் தொறக்குறேன்."

கடப்பாரை கதவின் நிலையில் இறங்கியது. பலகை கீறி, வெயில் ஒரு கோடாய் உள்ளே விழுந்தது. அவள் முதுகைக் கதவில் கொடுத்து, காலை அம்மிக்கல்லில் உதைத்துக்கொண்டாள். ஒவ்வொரு இடியும் எலும்பில் இறங்கியது. கூப்பிட்டால் கேட்கத் தெருவில் ஒருவரும் இல்லை.

இடி திடீரென்று நின்றது. வெளியே நல்லையாவின் குரல். ஒரு நடை முடித்து, சாப்பிட வீட்டுக்கு வந்திருக்கிறார்.

"நல்ல நேரத்துல வந்தீங்க அண்ணே," என்றான் பொன்னுதுரை. "ஊரான் வீட்டுக்குள்ள பூந்து கதவச் சாத்திக்கிட்டு இருக்காங்க உங்க வீட்டம்மா. போலீசுக்குப் போனா என்ன ஆகும்? வெளிய வரச் சொல்லுங்க."

கமலவேணி உள்ளே காதைக் கதவில் வைத்தாள். கடப்பாரையைத் தாங்கிவிடலாம். இவர் கூப்பிட்டால் என்ன செய்வது? சாவியைக் கொடுத்துவிடு என்று சொன்ன மனிதர்தானே.

 நல்லையா கதவருகே வந்தார். கீறல் வழியாக அவருடைய காக்கிச் சட்டை தெரிந்தது.

"வேணி, அடி பட்டுச்சா?"

"இல்ல."

"சரி. உள்ளயே இரு."

படிக்கட்டில் அவர் உட்காரும் சத்தம் கேட்டது. டிக்கெட் பையில் சில்லறை குலுங்கியது. "அவ வர மாட்டா தம்பி. இனிமே கதவ இடிக்கணும்னா என் முதுகத் தாண்டித்தான் இடிக்கணும்," என்றார். குரல் நடுங்கியது, ஆனாலும் அவர் எழுந்திருக்கவில்லை.

பொன்னுதுரை கத்தினான். வாயில் வந்ததையெல்லாம் சொன்னான். நல்லையா அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவருடைய பஸ் புறப்படும் நேரமும் தாண்டிப் போனது. லாரிக்காரர், ஒரு சீனர், இரண்டு தரம் ஹாரன் அடித்தார். சாமான் இறக்கினாலும் இறக்காவிட்டாலும் கூலி கூலிதான் என்றார்.

அப்போதுதான் திடலிலிருந்து ஆட்கள் திரும்பத் தொடங்கினார்கள். ஏகாம்பரம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நொறுங்கிய பூட்டையும், கீறிய கதவையும், படிக்கட்டில் உட்கார்ந்திருந்த நல்லையாவையும் பார்த்தார். பொன்னுதுரை தேன் போன்ற மலாயில் பேசத் தொடங்கினான். அவர் கையை உயர்த்தினார்.

"தானா குவா புன்யா," என்றார். மண் என்னுடையது. "பூங்காவனம் உனக்குச் சாவி கொடுத்திருந்தால் சாவியோடு வந்திருப்பாய். கடப்பாரையோடு வருகிறவனுக்கு நான் எதையும் எழுதிக் கொடுக்க மாட்டேன். லாரியை எடு."

வீட்டு அலமாரியிலிருந்த முன்பணத்தைப் பத்மினி எடுத்துவந்தாள். எல்லோர் கண்ணுக்கும் முன்னால் அது அவன் கைக்குத் திரும்பியது. லாரி கட்டிலோடும் மெத்தையோடும் வந்த வழியே போனது. கமலவேணி அம்மிக்கல்லை விட்டுக் காலை எடுக்கவில்லை.  நல்லையா பின்பக்கமாகச் சுற்றிவந்து கூப்பிட்ட பிறகுதான் மெல்ல மெல்ல வெளியே வந்தாள்.

பதில் தந்தி திங்கட்கிழமை வந்தது. பூங்காவனம் ஆஸ்பத்திரிக்கு அருகே வேறு வீட்டுக்கு மாறியிருந்ததால் செய்தி சுற்றிச் சுற்றிப் போயிருந்தது. பத்மினி உரக்கப் படித்தாள். கமலவேணியிடம் மட்டும் வாடகை வாங்கவும், தை மாதம் வருகிறேன், வியாழக்கிழமை அறுவை, வேண்டிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று பாக்கி இருந்தது. பொன்னுதுரை கட்டிய ஒரு மாத வாடகையும் லைட் பணமும். அவன் காசு அந்த வீட்டில் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்று கமலவேணிக்கு இருந்தது. டின்னிலிருந்து எடுத்துக்கொண்டு, புக்கிட் ரம்பாய்க்குத் தனியாகப் போனாள். சூளையில் பத்துப் பன்னிரண்டு பேர் கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"நீ கட்டின பணம். எண்ணிக்க," என்றாள்.

"எனக்கு வேணாம். என் அண்ணிக்குத்தானே கட்டினேன்."

"உன் அண்ணிக்குக் கட்டியிருந்தா அவங்களுக்கு ஒரு வார்த்த எழுதியிருப்ப. வாங்கிக்க. வாங்கிக்கிட்டேன்னு இவங்க காதுபடச் சொல்லு."

அடுக்கிக்கொண்டிருந்த கைகள் நின்றன. அவன் முகம் செங்கல்லாய்ச் சிவந்தது. கடைசியில் வாங்கிக்கொண்டான். "வாங்கிட்டேன்" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். 

தை பாதியில் பூங்காவனம் வந்து இறங்கினாள். சீதா ஒரு கையில் கோலும் மறு கையில் அம்மாவின் தோளுமாக, தானே படியேறினாள். கதவில் புதிதாக அடித்திருந்த பலகையைப் பார்த்துப் பூங்காவனம் காரணம் கேட்டாள். கமலவேணி ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

 பூங்காவனம் கோபப்படுவாள், சாபம் விடுவாள் என்று கமலவேணி எதிர்பார்த்தாள். ஆனால் அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"கப்பல்ல வந்தப்ப அவனுக்கு ஒம்பது வயசு வேணி. நான்தான் சோறு போட்டேன். கேட்டிருந்தா முன்னால இருக்கிற ரூம அவனுக்கே விட்டிருப்பேனே."

 கமலவேணி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முதுகில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே சீதா கோலை ஊன்றி, ஒவ்வோர் அறையாக நடந்து பார்த்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.