சுந்தரலிங்கத்தின் இதயப் படம்

சுந்தரலிங்கம் இறந்து நாற்பத்தாறாம் நாள் கண்டியிலிருந்து அழைப்பு வந்தது. ஆராய்ச்சிக்காக அவரை ஸ்கேன் எடுத்த டொக்டர் இப்ஹாம் பேசினார்.

"முடிவு வந்திருக்கு. அவரைக் கூட்டிட்டு வர முடியுமா?"

"அவரு இல்லிங்க," என்றாள் அவர் மனைவி கிருஷாந்தினி. "மாரடைப்புல போயிட்டாரு."

விருப்பமென்றால் அவளே வந்து பார்க்கலாம் என்றார் டொக்டர்.

மாத்தளையிலிருந்து காலை ரயிலில் போனாள். கறுப்புத் திரையில், லாடம் போன்ற ஒரு வடிவம் தணல் நிறத்தில் பிரகாசித்தது. மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்த மனிதரின் இதயம்.

"இந்த வெளிச்சம் சீனி," என்றார் டொக்டர். "சீனி மாதிரி ஒரு மருந்தை ஊசியில ஏத்தினோம். அது போற இடமெல்லாம் வெளிச்சமாத் தெரியும். வெறும் வயித்துல இதயத் தசை கொழுப்பைத்தான் கூட எரிக்கும். பிரஷர் வருஷக்கணக்கா ஏறியே இருந்தா, ஒவ்வொரு துடிப்புக்கும் அது ரொம்பக் கஷ்டப்படணும். அப்ப இப்படிச் சீனியை இழுக்கத் தொடங்கும்."

கிருஷாந்தினி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு வருடமாக அவருக்குச் சீனியில்லாத் தேத்தண்ணிதான் கொடுத்திருந்தாள். கெஞ்சியும் ஒரு கரண்டி போட்டதில்லை.

"நான் சீனி குடுக்காததாலயா இப்படித் தேடுச்சு?"

"இல்லம்மா. தேத்தண்ணிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. பிரஷர்தான் காரணம். குளிசை ஒழுங்காப் போட்டாரா?"

அலுமாரியில் குளிசை அட்டைகள் ஒரு மாத்திரைகூடப் பிரிக்காமல் கிடந்ததைக் கண்டிருந்தாள். ஆள் நன்றாகத்தானே இருக்கிறார் என்று கதவைச் சாத்தியிருந்தாள்.

அதன்பிறகு கண்ணை மூடினால் அந்த வெளிச்சம் தெரிந்தது. பட்டப்பகலில், மிளகு காயவைக்கும்போது, முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது. திரும்பினால் முற்றம் வெறுமையாக இருக்கும்.

ஒருநாள் அந்த மூச்சு நிஜமாகவே கேட்டது. சீகிரியாவில் த்ரீவீலர் ஓட்டும் கொழுந்தன் விஜேந்திரன் படியேறி வந்திருந்தான். அண்ணனைப் போலவே மூச்சு வாங்கினான். தண்ணீர்கூடக் கொடுக்காமல் அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். பிரஷர் நூற்றெண்பத்தைத் தாண்டி நின்றது.

"எனக்கு ஒன்னுமே செய்யலையே அண்ணி."

"அவருக்கும் ஒன்னும் செய்யல தம்பி."

அன்றே அவனுக்குக் குளிசை தொடங்கினார்கள். ஒவ்வொரு காலையும் அவள் போன் எடுத்து, "போட்டியா?" என்று கேட்பாள். அவன் விழுங்கும் சத்தம் கேட்ட பிறகே வைப்பாள். மூன்று மாதத்தில் பிரஷர் இறங்கியது. போன் மட்டும் நிற்கவில்லை.

ஒரு காலையில் அவள் குரல் மெதுவாக வந்தது.

"குளிசை போட்டீங்களா?"

விஜேந்திரனின் கையில் தண்ணீர்க் கோப்பை அப்படியே நின்றது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணி அவனை 'நீ' என்றுதான் பேசியிருக்கிறாள்; 'நீங்க' அண்ணனுக்கு மட்டும்தான்.

"போட்டீங்களா?"

"போட்டுட்டேன்," என்றான் அவன், அண்ணனுக்காக.