சவரிமுத்து அழுத என் அழுகை

என் தம்பிக்காக நான் அழ வேண்டிய அழுகையை ஆறு வருடங்களாகச் சவரிமுத்து என்பவர் அழுதுகொண்டிருந்தார். தினமும் மாலை நான்கு பத்துக்கு, சுமார் கால் மணி நேரம்.

அது அவருக்குப் போய்ச் சேர்ந்த விதம் எளிமையானது. தம்பி கதிரேசன் விபத்தில் இறந்த செய்தி ஒரு மாலை நான்கு பத்துக்குச் செல்போனில் வந்தபோது நான் சலூன் நாற்காலியில் இருந்தேன். வலது கன்னம் மட்டும் முடிந்திருந்தது. "சரி, வர்றேன்" என்று சொல்லிவிட்டு, மற்ற கன்னத்தையும் மழித்துவிடச் சொன்னேன். பிறகு எழுந்து போனேன். எங்கள் ஊரில் அழாமல் எழுந்தால் அழுகை நாற்காலியிலேயே தங்கிவிடும். அடுத்து அதில் உட்கார்ந்தவர் சவரிமுத்து.

அவர் வெங்காய மண்டியில் தரம் பிரிப்பவர் என்பதால் ஐந்து வருடங்கள் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அவருக்கே தெரியவில்லை; விடுமுறை நாளில் வந்ததைக்கூட வாரம் முழுக்கப் பட்ட வெங்காய நெடி என்றே நினைத்தார். பிறகு அவருக்குக் கல்யாணமானது. மண்டி விடுமுறையான ஞாயிற்றுக்கிழமையிலும் நான்கு பத்துக்கு அவர் தேம்பத் தொடங்கியதும் மனைவி ஜெசிந்தா, "யாரு அந்தப் பொம்பள?" என்று கேட்டார். சில மாதங்கள் பொறுத்துப் பார்த்தார். அழுகை நின்றால் வருவதாகச் சொல்லி நிலக்கோட்டையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.

சவரிமுத்து சலூனில் விசாரித்து என் வீட்டைக் கண்டுபிடித்தார்.

"உங்களோடத நீங்களே வச்சுக்கங்க சார். நான் கல்யாணமான ஆளு."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. இருவரும் மனநல ஆலோசகர் ஹசீனாவிடம் போனோம். ஸ்கேன் சென்டருக்கு மேல் மாடியில் அவர் அறை. புதன்கிழமைகளில் மூன்றே முக்காலுக்கு எங்களுக்கு நேரம் ஒதுக்கினார். அழுகை நடுவில் வந்து போக வசதியாக இருக்கும் என்றார்.

முதல் மூன்று வாரங்கள் அந்த மாலையைப் பற்றி என்னைச் சொல்லச் சொன்னார். வரிசை மாறாமல் சொன்னேன். நான்கு பத்துக்குச் சவரிமுத்து அழுதார். ஹசீனா டிஷ்யூ பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"தெளிவா சொல்றீங்க. செய்தி வாசிக்கிற மாதிரி," என்றார் என்னிடம். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

படியிறங்கும்போது சவரிமுத்து சொன்னார்: "மூணு வாரமா வேலையெல்லாம் எனக்குத்தான். நீங்க ஏசியில உட்கார்ந்துட்டுப் போறீங்க." கொஞ்சம் தள்ளி நின்று, "வீட்டுக்காரி அவளோட தையல் மிஷின அனுப்பி வைக்கச் சொல்லிட்டா சார். மிஷின் போயிருச்சுன்னா அப்புறம் அவ வரமாட்டா," என்றார்.

நான்காவது வாரம் ஹசீனா என்னைப் பேச வேண்டாம் என்றார். "அவர் சொல்லட்டும். நீங்க கேளுங்க."

சவரிமுத்து கதிரேசனைப் பார்த்ததே இல்லை. ஆனால் ஆறு வருடம் தினமும் ஒருவருக்காக அழுதால் விவரங்கள் வந்து சேர்ந்துவிடும். கதிரேசன் பரோட்டாவைப் பிய்க்காமல் சுருட்டித் தின்பான் என்றார். மழை வந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வான் என்றார். யாரோ ஒருவருடைய தம்பியைப் பற்றிக் கேட்பதுபோல நான் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கடைசியா வீட்டுலேர்ந்து கிளம்புறப்போ நீலச் சட்டை போட்டிருந்தாப்ல."

"நீலம் இல்ல," என்றேன்.

"பின்ன என்ன நிறம்?" என்றார் ஹசீனா.

"பச்சை. என் சட்டை. கேக்காம எடுத்துப் போட்டுக்கிட்டான். திட்டினேன்."

"என்னன்னு திட்டினீங்க?"

என் சட்டைக் காலரை நீவிவிட்டுச் சொன்னேன்.

"உனக்குன்னு ஒண்ணுமே கிடையாதாடான்னு."

என் வலது கண்ணில் நீர் வந்தது. சவரிமுத்துவின் வலது கண் நின்றது. அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஹசீனா டிஷ்யூ பெட்டியை மேசையின் நடுவில் வைத்தார்.

"இடது கண்ணுக்கு நாளாகும். இழுக்காதீங்க, தானா வரட்டும்," என்றார்.

ஏழு வாரம் ஆனது. அலுவலகத்தில் என் நேரத்தைத் தெரிந்துகொண்டு டீயை நாலரைக்குத் தள்ளிவைத்தார்கள். இதற்கிடையில் ஜெசிந்தா மிஷினை எடுத்துப்போக வந்தவர், நான்கு பத்துக்குக் கணவரின் எதிரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். "ஒரு கண்ணுதான்னா தூசின்னு வச்சுக்கலாம்," என்று சொல்லி அன்றிலிருந்து அங்கேயே தங்கிவிட்டார். மறு கண்ணுக்கு எத்தனை நாள் என்று மட்டும் தினமும் கேட்டாராம்.

பதினோராவது புதன்கிழமை நான் இரண்டு கண்ணாலும் அழுதேன். தம்பியின் பெயரைச் சத்தமாகச் சொல்லி அழுதேன். சவரிமுத்து உலர்ந்த கண்களோடு பக்கத்தில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்தார்.

"அந்த எடத்துல மூக்க உறியக் கூடாது சார். ராத்திரி தலைவலிக்கும்," என்றார்.

ஹசீனா குறிப்பேட்டை மூடினார். அடுத்த புதன்கிழமை சவரிமுத்து வர வேண்டியதில்லை, நான் மட்டும் வந்தால் போதும் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜெசிந்தா போன் செய்தார்.

"அண்ணே, உங்க தம்பி வந்திருக்காரு. ஆறு வருஷமா இந்த வீட்டு வழிதான் பழக்கமாம், நேரா இங்கயே வந்துட்டாரு. சாப்பிடச் சொல்லியிருக்கோம். கத்தரிக்காய் சாப்பிடுவாரா?"

"ஒதுக்கி வச்சிடுவான்," என்றேன். "ரசம் இருந்தா ரெண்டு தடவ கேப்பான்."

"ரசம் இருக்கு. நீங்களும் வந்துருங்கண்ணே. வர்றப்ப தயிர் பாக்கெட் வாங்கிட்டு வாங்க."

எத்தனை என்று கேட்டேன். அவர் திரும்பி யாரிடமோ கேட்டார்.

"ரெண்டு போதும்ங்கறாரு," என்றார்.