உயிரோடு இருப்பவருக்கு ஒரு சான்று

அந்த வெளிநாட்டு ஊரில் இருந்த தமிழ்ச் சனம் அவனை ‘முத்திரை’ என்றுதான் கூப்பிட்டது. அவன் மொழிபெயர்த்துக் கீழே முத்திரை குத்திக் கொடுத்தால்தான் அரசாங்க அலுவலகம் ஒரு தாளைத் தாளாகவே மதிக்கும். பட்டம் பெரியது, ஆள் குடியிருந்ததோ ஒற்றை அறையில். கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தால் ஆபீஸ் வந்துவிடும். மேலதிகாரி கிடையாது, லீவும் கிடையாது. பகலெல்லாம் பேசத் துணையில்லாமல் கணினியோடு சண்டை போடுவான். “இதுக்கு என்னடா அர்த்தம், நீயே சொல்லு” என்று அது பதில் சொல்லிவிடும் போலக் கேட்பான். ஊரில் மனைவியிடம் மட்டும், “இங்க எனக்குன்னு தனி ஆபீஸ் இருக்கு” என்று சொல்லிவைத்திருந்தான். பொய்யில்லையே!

சமீப காலமாக வேலை வரத்தே குறைந்துவிட்டது. கம்பெனிகள் எல்லாம் இயந்திரத்தை மொழிபெயர்க்கவிட்டு, அது உளறியதைத் திருத்த மட்டும் இவனைக் கூப்பிட்டன. மிஞ்சியது இந்தச் சான்றிதழ் வேலைதான். அந்த முத்திரை கையில் இருக்கும்வரைதான் அவனுக்கு அந்த நாட்டில் இருக்க அனுமதி. போன வருடம் ஒரு புகார் வந்து, எச்சரிக்கையோடு விட்டார்கள். இன்னொன்று வந்தால் முத்திரையைப் பிடுங்கிக்கொள்வார்கள். அப்புறம் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் லாண்டரி அக்கா கதவைத் தட்டினாள். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் வேலை. ஐந்து வருடமாகக் கணவரைத் தன்னிடம் வரவழைக்க அலைகிறவள். வெந்நீரில் ஊறிச் சிவந்த கையில் ஒரு கடித உறை.

“பத்து நாளா பையிலயே கிடக்கு தம்பி. டபுள் ஷிப்ட், வரவே முடியல. விசா ஆபீஸ்ல இருந்து வந்திருக்கு. நல்ல சேதியான்னு பாருங்க.”

அவன் நின்றுகொண்டே படித்தான். படித்து முடித்தபோது உட்கார்ந்திருந்தான்.

‘தாங்கள் அளித்த குடும்பச் சான்றிதழின்படி தங்கள் கணவர் காலமாகிவிட்டார். இறந்தவருக்கு விசா கேட்ட காரணத்தை விளக்கவும். இக்கடிதத் தேதியிலிருந்து பதினான்கு நாட்களுக்குள் விளக்கம் வராவிட்டால் விண்ணப்பம் முடித்துவைக்கப்படும்.’ தேதியை எண்ணிப் பார்த்தான், கெடு நாளையோடு முடிகிறது.

ஐயையோ! அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இந்தத் தொழிலில் எவனும் ஒவ்வொரு சான்றிதழையும் முதலிலிருந்து அடிப்பதில்லை. முன்பு செய்த கோப்பைத் திறந்து, அதன் மேலேயே புதுப் பெயரையும் தேதியையும் அடித்துவிடுவார்கள். அக்காவுக்கு முன்னால் அவன் செய்தது ஒரு விதவையின் குடும்பச் சான்றிதழ். பெயரை மாற்றினான், தேதியை மாற்றினான். ஓரத்தில் ‘குறிப்பு’ என்றிருந்த கட்டத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கு அவளுக்கும் அவசரம், இவனுக்கும் அவசரம். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்று சும்மாவா சொன்னார்கள்? போகாத கை போய் ஒரு மனுஷனையே கொன்றுவிட்டு வந்திருக்கிறது.

“என்ன தம்பி, பேச்சையே காணோம்?”

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல உட்கார்ந்திருந்தான். உண்மையைச் சொன்னால் முத்திரை போகும், பிழைப்பு போகும். ஊரில் மகளைப் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து மூன்று மாதம்தான் ஆகிறது. அக்காவுக்கோ இந்த மொழி ஒரு எழுத்துத் தெரியாது. மூலச் சான்றிதழும் விசா ஆபீஸ் கோப்பில் கிடக்கிறது. அவன் என்ன சொல்கிறானோ அதுதான் அந்தக் கடிதம்.

“ஊர்ல குடுத்த சான்றிதழ்லயே தப்பு இருக்குக்கா,” என்றான். “அண்ணன் இறந்துட்டதா தவறிப் போட்டிருக்காங்க. அவர் போய்ப் புதுசா வாங்கி அனுப்பணும்.”

நாளைக்குள் ஊரிலிருந்து எந்தச் சான்றிதழ் வரும்? விண்ணப்பம் செத்தது செத்ததுதான். பாவி, தெரிந்தேதான் சொன்னான்.

அக்கா போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, கணவரைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க, சான்றிதழ் வாங்கும்போது கண்ணைத் திறந்து பார்க்க மாட்டீங்களா? உங்களைச் செத்துட்டதா எழுதிக் குடுத்திருக்கான், நீங்களும் கும்பிடு போட்டு வாங்கிட்டு வந்திருக்கீங்க! அஞ்சு வருஷம் நான் இங்க கை வெந்து சாகறேன், ஒரு தாளைச் சரியாப் பார்க்கத் தெரியலையா உங்களுக்கு?”

“அப்படி இல்லையே...” கணவரின் குரல் தடுமாறியது. “நாலு தடவை படிச்சேனே. கண்ணாடி போடாமப் படிச்சிட்டேனோ என்னவோ.”

“என்னத்தப் படிச்சீங்க!”

“என் தப்புதான்மா. திட்டு, நல்லாத் திட்டு. நான்தான் சரியாப் பார்க்கல. உன்னை இப்படித் தவிக்க விட்டுட்டேனே...” வளர்ந்த ஆம்பளை போனில் தேம்பினார்.

அதை அவனால் தாங்க முடியவில்லை. செய்யாத தப்புக்கு அந்த மனுஷன் அழுகிறார். செய்தவன் நாற்காலியில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறான்.

“அக்கா, அவரைத் திட்டாதீங்க. தப்பு என்னுது.”

“என்ன?”

“சான்றிதழ் சரியாத்தான் இருந்தது. வேற ஒருத்தங்க பேப்பர் மேலயே உங்க பேரை அடிச்சேன். அவங்க வீட்டுக்காரர் இறந்தவரு. அந்த வார்த்தையை எடுக்க மறந்துட்டேன். இப்ப சொன்னதும் பொய். நாளைக்குத்தான் கடைசி நாள்.”

அக்கா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அவரைச் சாகடிச்சது போதாதுன்னு, பழியையும் அவர் தலையிலயே போட்டீங்களே தம்பி,” என்றாள். கணவரிடம், “நீங்க அழாதீங்க, அப்புறம் கூப்பிடறேன்” என்று சொல்லி போனை வைத்தாள். “எழுதுங்க. நான் இங்கயேதான் நிப்பேன்.”

எழுதினான். பிழை முழுக்கத் தன்னுடையது, மூலச் சான்றிதழில் அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கிறது, இந்தப் பெண்மணியின் கணவர் உயிரோடு இருக்கிறார். முத்திரை கோணலாக விழுந்தது. தாளை நீட்டி, “படிச்சுக் காட்டட்டுமாக்கா?” என்று கேட்டான்.

“வேணாம்.”

அவள் அதைப் போனில் படம் பிடித்து யாருக்கோ அனுப்பினாள். அவளுடைய ஆஸ்பத்திரியில் ஒரு தமிழ் நர்ஸ் இருந்தாள். இத்தனை வருடத் தொழிலில் அவன் எழுதியதை இன்னொருவரிடம் காட்டிச் சரிபார்த்தவர் எவருமில்லை. பத்து நிமிடத்தில் போனில் நர்ஸின் குரல் வந்தது.

“சரியா எழுதியிருக்காருக்கா. தப்பு தன்னுதுன்னு ஒத்துக்கிட்டிருக்காரு. ஆனா இதைக் குடுத்தா அவர் பொழப்பே போயிடுமே, யோசிச்சாரா?”

அக்கா அவனைப் பார்த்தாள். “இது முதல்லயே தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்க்கா.”

“அதான் பொய் சொன்னீங்களா?”

“ஆமா.”

தாளை நாலாக மடிக்கப் போனவள், கசங்கிவிடும் என்று நிறுத்தி, உறைக்குள் நேராக வைத்துப் பையின் ஜிப்பை இழுத்தாள். “ஆபீஸ் எத்தனை மணிக்குத் திறப்பாங்க?”

“எட்டரைக்கு. நான் வேணா கூட வரட்டுமா?”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டே, நர்ஸ் லைனில் இருந்த போனை வாய்க்கு அருகில் வைத்தாள்.

“ஏம்மா, விசா ஆபீஸ் எத்தனை மணிக்குத் திறப்பாங்கன்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்.”