யோசித்துக்கொண்டிருக்கிறார்

“நிறுத்துங்க, நிறுத்துங்க! முன்னால இடிக்குது!”

தச்சர் போட்ட சத்தத்தில் பெட்டியைத் தூக்கி வந்த ஆறு பேரும் அப்படியே நின்றார்கள். பெட்டியின் முன்முனை எதிர்ச்சுவரில் முட்டிக் காரையைப் பெயர்த்திருந்தது. சந்து திரும்பும் இடத்தில் துருத்திக்கொண்டிருந்த மூலைச் சுவர் அதன் விலாவில் குத்தி நின்றது. பின்முனை இன்னும் வாசலை விட்டு முழுதாக வெளியே வரவில்லை.

பெட்டிக்குப் பின்னால் முதல் ஆளாக நின்றவர் மாஸ்டர். முப்பத்தாறு வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து, ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடமாகியும் ஊர் அவரை அப்படித்தான் அழைத்தது. பத்தேகாலுக்குப் பெட்டி வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று நேரம் குறித்தவர் அவர்தான். பத்தேகாலுக்குக் கிளம்பியும் விட்டது. ஆறடி போனது.

“என்னய்யா அங்க?”

“வளைவுல திரும்ப மாட்டேங்குது மாஸ்டர்.”

“காலையில உள்ள வந்துச்சு. இப்ப வெளிய போகாதா?”

தச்சர் பின்னந்தலையைத் தடவினார். “காலையில நிமித்தி வச்சுத் திருப்பினோம். அப்ப காலிப் பெட்டிதானே.”

இப்போது உள்ளே படுத்திருந்தது மாஸ்டரின் ஒரே தம்பி. ஊருக்கு அவர் மீட்டர்க்காரர். முப்பது வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதியவர். எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் மாமியார் கடிப்பாள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அண்ணனும் தம்பியும் சந்தின் வளைவில் இருந்த அந்த வீட்டை நடுவில் ஒரு கதவு வைத்துப் பிரித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது.

பெட்டி நீளம் ஏழடி, அகலம் இரண்டரை அடி. வழக்கமாகச் செய்வதைவிட எல்லாப் பக்கமும் பெரிது. முந்தின நாள் சாயங்காலம் மாஸ்டர் பட்டறைக்கே போய் நின்று சொன்ன அளவு அது. “எங்க வீட்டு ஆளு. நாலு பேர் பார்க்கிற மாதிரி இருக்கணும்.” தச்சர் அப்போதே இழுத்தார்: “சந்து அகலம் உங்க தம்பி அளந்து பொதுவிடக் குழு நோட்டுல எழுதி வச்சிருக்காரு. ஒரு தடவை பார்த்துட்டு அடிக்கட்டுமா?” மாஸ்டருக்குச் சுருக்கென்றது. “எங்க சந்து எனக்குத் தெரியாதா? அஞ்சடி. எங்கப்பா காலத்துலேருந்து அஞ்சடி. நீ அடிய்யா.”

குழு நோட்டில் வளைவுக்கு எதிரே இரண்டே முக்கால் என்று எழுதியிருந்தது. அந்த நோட்டை மாஸ்டர் திறந்து பார்த்ததே இல்லை.

பெட்டியைத் தாங்க யாரோ இரண்டு முக்காலிகள் கொண்டுவந்தார்கள். பிணம் சந்துக்கு நடுவில் நின்றுவிட்டது. முன்னால் வீதியில் காத்திருந்த சவ வண்டிக்காரர் ஒருமுறை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, செய்தது தப்பென்று தோன்றியவர்போல உடனே நிறுத்திக்கொண்டார். பின்னால் உள்வீடுகளின் சனம் வாசல்களில் நெருங்கி நின்றது.

“அளந்திருக்கலாம்” என்றது ஒரு குரல்.

“அளந்தவரே உள்ள படுத்திருக்காரே, யார் அளக்கிறது?” என்றது இன்னொன்று.

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

தூக்கி வந்த ஆறு பேரும் பொதுவிடக் குழுவைச் சேர்ந்தவர்கள். ஏழு வருடத்துக்கு முன்னால் உடைந்த பஸ் நிறுத்த பெஞ்சுக்காகக் கோபப்பட்டு ஒன்றுசேர்ந்த கூட்டம் அது. சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் வேலை. குளத்துப் படியைச் செப்பனிட்டார்கள், சாக்கடைக்கு மூடி போட்டார்கள், விளையாட்டுத் திடலுக்கு வேலி அடைத்தார்கள். அப்புறம் சந்துகளை அளக்கத் தொடங்கினார்கள். பொது நிலத்தில் வீடுகள் எங்கெங்கே மூக்கை நீட்டியிருந்தனவோ அங்கெல்லாம் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு. ஆனால் கோட்டோடு சரி. வீட்டுக்காரர் தன் கையால் முதல் கல்லை எடுத்தாலொழியக் குழு அந்த இடத்தில் கை வைக்காது. அந்த விதியைக் கொண்டுவந்தவர் மீட்டர்க்காரர்தான். ‘நாளைக்கும் இவங்க மூஞ்சியிலதான் முழிக்கணும்’ என்பது அவருடைய வாதம். பதினெட்டு வீட்டுக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே முதல் கல்லை எடுத்துக் கொடுத்தார்கள். பாக்கி இருந்தது மீட்டர்க்காரரின் சொந்த வீடு மட்டும். அந்தச் சுவர் அண்ணன் பங்கில் இருந்தது.

தம்பி போட்ட மஞ்சள் கோட்டை மாஸ்டர் மூன்று முறை சுண்ணாம்பு அடித்து மறைத்தார். நான்காம் முறை தம்பி கோடு போடவில்லை. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவும் இல்லை. காலையில் ஒரே செய்தித்தாளை ஆளுக்குப் பாதியாகப் படிப்பது மட்டும் நிற்கவில்லை.

“மணி பத்தரை” என்றார் மாஸ்டர். “பதினொண்ணுக்கு மயானத்துல இருக்கணும். என்ன பண்ணலாம்னு சொல்லுங்க.”

குழுவில் நூல்குண்டு என்று ஒரு கொத்தனார் உண்டு. பார்க்கிற சுவரையெல்லாம் நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பவர். அவர் சொன்னார்: “பெட்டியத் திரும்ப உள்ள கொண்டுபோய், அவரை ஒரு போர்வையில தூக்கிட்டுப் போய், வீதியில வச்சு மறுபடி பெட்டிக்குள்ள…”

“வீதியிலயா?” மாஸ்டரின் குரல் உயரவில்லை. அது உயர்ந்து யாரும் கேட்டதில்லை. “போறவன் வர்றவன் பார்க்க, நடுவீதியில எங்க வீட்டு ஆளை மூட்டை மாதிரி மாத்துவீங்களா?”

நூல்குண்டு பெட்டியின் ஓரமாக நகர்ந்துகொண்டார்.

மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கோட்டின் கீழ்ப்பொத்தானை அவிழ்த்தார், மறுபடி போட்டார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்:

“நிமித்துங்க.”

ஒருவரும் அசையவில்லை.

“காதுல விழலையா? காலையில செஞ்ச மாதிரி நிமித்தித் திருப்புங்க. ஒரு நிமிஷ வேலை.”

தச்சர் முன்னால் வந்து மூடியின் திருகுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். “உள்ள ஆளு நழுவிருவாரு மாஸ்டர்” என்றார் மெதுவாக. “கால்மாட்டுல போய்க் குவிஞ்சிருவாரு.”

“மெதுவா செய்யுங்க.”

அப்போதுதான் வாசலிலிருந்து தம்பியின் மனைவி இறங்கி வந்தாள். காலையிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. வந்தவர்கள் அழுதபோதும் அவள் அழவில்லை. தண்ணீர் கொடுத்தால் குடித்தாள், உட்காரச் சொன்னால் உட்கார்ந்தாள். பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு மாஸ்டரை நேராகப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த இந்த முப்பத்து நான்கு வருடத்தில் அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

“நேத்து உக்கார வச்சுத் தூக்கிட்டுப் போனோம். இன்னிக்கு நிக்க வைக்கப் போறீங்களா அத்தான்?”

அவ்வளவுதான் சொன்னாள். சந்து முழுவதும் அதைக் கேட்டது.

நேற்று மத்தியானம் இரண்டு மணிக்குத் தம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆம்புலன்ஸ் ஒன்பது நிமிடத்தில் வந்துவிட்டது. மாஸ்டர் கடிகாரத்தில் பார்த்தார். ஆனால் ஸ்ட்ரெச்சர் வளைவில் திரும்பவில்லை. வந்த இரண்டு பேரும் அதை முன்னால் தள்ளிப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், பின்னால் இழுத்தார்கள். கடைசியில் சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றில் அவரை உட்கார வைத்து, போர்வையால் இறுக்கிக் கட்டி, முன்னால் அவர்களில் ஒருவரும் பின்னால் ஒருவருமாகத் தூக்கினார்கள். பின்கால்களைப் பிடித்தவர் மாஸ்டர். வளைவில் திரும்பியபோது தம்பியின் தலை அவருடைய முழங்கையில் வந்து சாய்ந்தது. வண்டி பெரிய ரோட்டை எட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தொலைபேசியில் விசாரித்த இருபது பேரிடமும் மாஸ்டர் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்: “நேரம் முடிஞ்சுது. யாரால என்ன செய்ய முடியும்?”

இப்போது அந்த வாக்கியம் வாய்க்குள் இருந்தும் வெளியே வரவில்லை.

அவர் சுவரைப் பார்த்தார். அப்பா கட்டியது. அப்பா அடுத்தவர் மண்ணில் ஒரு பிடி தொட்டவரில்லை என்று ஊரில் எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார்! குழுவின் ஆட்கள் முதன்முதலில் நோட்டோடு வந்தபோதும் அதைச் சொல்லித்தான் அனுப்பினார். அதைச் சொல்லும்போதெல்லாம் அவருக்குத் தெரிந்த இன்னொன்றும் கூடவே நின்றது. அப்போது அவருக்குப் பதினைந்து வயது. கொத்தனார் நூல் கட்டிவிட்டுப் போன பிறகு, சாயங்கால வெளிச்சத்தில் அப்பா முளையைப் பிடுங்கிச் சந்துக்குள் இரண்டடிக்குமேல் தள்ளி அடித்தார். “குளிக்கிற இடத்துல ஒரு ஆளு கையை நீட்ட வேணாமா? கயித்தைப் பிடி. ஆட்டாத.” அவர் பிடித்தார். ஆட்டவில்லை. ஐந்து வயதுத் தம்பி மணல் குவியலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

தம்பி போட்ட மஞ்சள் கோடு, அப்பா பிடுங்குவதற்கு முன்னால் முளை இருந்த இடத்திலேயேதான் வந்து நின்றது. அளந்து வந்ததா, நினைவில் இருந்ததா என்று அண்ணன் கேட்கவில்லை. தம்பியும் சொல்லவில்லை.

“தபால் அக்கா” என்று கூப்பிட்டார் மாஸ்டர்.

குழுத் தலைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். ஊருக்குத் தபால் கொண்டுவந்து கொடுத்து ஓய்வு பெற்றவள். யாருக்கும் பயப்படாதவள், முக்கியமாக மாஸ்டருக்கு.

“உங்க ஆளுங்க ஆறு பேர் இங்க இருக்காங்க. சுவரை எடுக்கணும்னு பதினாலு மாசமா அலைஞ்சீங்க. இப்ப ஏன் எல்லாரும் வேடிக்கை பார்க்கறீங்க?”

“வீட்டுக்காரர் கை படாம எங்க கை படாது மாஸ்டர். விதி.”

“இந்த நேரத்துலயுமா விதி?”

“விதியை எழுதினவர் முன்னால வேற எப்படி நடந்துக்கறது?” அவள் பெட்டியைப் பார்த்தாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். “ஒண்ணு சொல்றேன். மாசாமாசம் ஒவ்வொரு வீட்டு நிலவரமும் நோட்டுல எழுதணும். உங்க வீட்டுக்கு ‘மறுத்துவிட்டார்’னு எழுதுங்கன்னு ஒவ்வொரு தடவையும் நான் சண்டை போடுவேன். உங்க தம்பி கேட்கவே மாட்டார். ‘மூலை வீடு: வீட்டுக்காரர் யோசித்துக்கொண்டிருக்கிறார்.’ அப்படித்தான் எழுதுவார். பதினாலு மாசமும் அதேதான். கையெழுத்துக்கூட மாறலை. ஊர் படிக்கிற நோட்டு அது. அதுல நீங்க ஒரு தடவைகூட மறுக்கலை மாஸ்டர்.”

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பெட்டியின் ஓரமாக நின்ற நூல்குண்டு பழக்கதோஷத்தில் ஒரு கண்ணை மூடிச் சுவரைப் பார்த்துவிட்டு, சட்டென்று திறந்துகொண்டார்.

மாஸ்டர் கோட்டைக் கழற்றினார். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் ஒரு கணம் நின்றார். தம்பியின் மனைவி கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

சுவரின் உச்சிக்கல் லேசில் வருவதாக இல்லை. அப்பா மேல்வரிசையை நல்ல கலவையில் வைத்திருந்தார். இரண்டு கைகளாலும் பிடித்து ஆட்டினார். நகத்துக்குள் சுண்ணாம்பு ஏறியது. கடப்பாரையை நீட்ட முன்வந்த ஒருவரைத் தபால் அக்கா கண்ணாலேயே நிறுத்தினாள். மாஸ்டர் தோளைக் கொடுத்துத் தள்ளினார். எழுபத்திரண்டு வயது முதுகு, கூனாத முதுகு, அப்போதுதான் முதல் தடவையாக ஊருக்கு முன்னால் வளைந்தது. கல் கரகரத்துக்கொண்டு நகர்ந்தது. அதை எடுத்துக் கீழே போடாமல், குனிந்து, ஓரமாகத் தரையில் வைத்தார்.

“எடுங்க” என்றார்.

அப்புறம் நடந்ததெல்லாம் சனிக்கிழமை வேலை. கடப்பாரை வந்தது, கூடைகள் வந்தன, வரிசையாகக் கைகள் நின்றன. கற்கள் கைமாறிக் கைமாறிப் போய் வாசல்பக்கம் அடுக்கப்பட்டன. புழுதி பெட்டிமேல் படியாமல் இருக்கத் தச்சர் தன் துண்டை விரித்து மூடிக்கொண்டு நின்றார். சுவர் இடுப்புயரத்துக்கு இறங்கியது, முழங்காலுக்கு இறங்கியது, தரையோடு தரையானது.

சுவருக்குப் பின்னால் இருந்ததெல்லாம் வெளியே தெரிந்தது. காது உடைந்த பிளாஸ்டிக் வாளி. தேய்ந்த சோப்பு. வேறொரு பாத்திரத்தின் மூடியை வைத்து மூடிய அண்டா. குறுக்கே ஒரு கொடிக்கயிறு. அதில் நேற்றுக் காலையில் துவைத்துப்போட்டு யாரும் எடுக்க நினைக்காத துணிகள்: மாஸ்டரின் பனியன்கள் மூன்று, அக்குளில் தையல் போட்டவை, அவர் மனைவியின் உள்பாவாடை, ஒட்டுப்போட்ட தலையணை உறை. ஊரில் கஞ்சி போட்ட சட்டை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை.

அவர் மனைவி பதறிக்கொண்டு ஓடி வந்தாள். “ஏங்க, துணி! எல்லாரும் பார்க்கறாங்க, ஒரு நிமிஷம் இருங்க, உருவிட்டு வந்துர்றேன்…”

“இருக்கட்டும்.”

“அய்யோ, என்னங்க…”

“இருக்கட்டும்னு சொல்றேன்ல.”

ஆறு பேரும் குனிந்து பெட்டியைத் தூக்கினார்கள். பெட்டி படுத்தபடியே வளைவில் திரும்பியது, சுவர் இருந்த இடத்தின்மீது. கொடி அதன் குறுக்கே தொங்கியது. மாஸ்டர் எட்டிப்போய்க் கயிற்றை ஒரு கையால் பிடித்து, தலைக்குமேல் உயர்த்திக்கொண்டு நின்றார். பெட்டி அடியில் போனது. பின்னால் தம்பியின் மனைவி, அவருடைய கோட்டை மடித்து மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். தபால் அக்கா போனாள். உள்வீடுகளின் சனம் போனது. ஈரம் காய்ந்த பனியன்கள் ஒவ்வொருவர் தலையிலும் பட்டுப்பட்டு விலகின. சிலர் அவரைப் பார்த்தார்கள், சிலர் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

கை கடுத்தது. அவர் மற்றக் கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். கடைசி ஆளும் போகிற வரை கயிற்றை இறக்கவில்லை.