மூலையில் நின்றவள்

…அரிசிதான், சந்தேகமே இல்லை, புள்ளியாக விழ வேண்டிய நட்சத்திரம் ஒவ்வொன்றும் நீண்டு அரிசியாகக் கிடக்கிறது, கேமராவின் பின்பக்கத் திரையில் இப்படியா இருந்தது, உள்ளங்கை அகலத்தில் எல்லாமே அழகுதான், பிரிண்ட் கடை மேசையில் நாலடிக்கு விரித்த பிறகல்லவா வானம் தன் குணத்தைக் காட்டுகிறது… ஐந்நூறை லென்ஸின் மில்லிமீட்டரால் வகு, வருகிற விடைதான் விநாடி, அதற்கு மேல் ஷட்டரைத் திறந்து வைத்தால் பூமி சுற்றுவது படத்தில் தெரிந்துவிடும் என்று புகைப்படச் சங்கத்தில் பத்து வருஷமாகப் பாடம் எடுப்பவன் நான், தலைவர் என்றால் சும்மாவா, என் லென்ஸ் இருபது மில்லிமீட்டர், ஐந்நூறு வகுத்தல் இருபது இருபத்தைந்து, கணக்கில் பிசகே இல்லை, ஆனால் அது பழைய கேமராவுக்குப் போட்ட கணக்கு, போன மாதம் வாங்கிய புதுசு பூமி இம்மி நகர்ந்தாலும் போட்டுக்கொடுக்கும் ரகம், பத்து விநாடியோடு நிறுத்தியிருக்க வேண்டும், தலைவரிடம் யார் சொல்வது?

"சார், மேல் மூலை ரெண்டுலயும் என்ன, குருவி பறக்குது?" என்கிறாள் கடைக்காரம்மா, இரும்பு ஸ்கேலைத் துடைத்தபடி. லென்ஸை முழுசாகத் திறந்தால் ஓரத்து நட்சத்திரத்துக்கு இறக்கை முளைக்கும் என்று நான் விளக்கினேன், ஏதோ நானே சொல்லி முளைக்க வைத்த தோரணையில்… போன வருஷம் சங்கத்தின் வானப் படப் போட்டிக்கு இதே குருவிகளோடு வந்த பல் டாக்டரிடம், "பறவைப் போட்டி பக்கத்து ஹால்ல, டாக்டர்" என்று மைக்கில் சொன்னவனும் நானேதான், சபையே சிரித்தது, அவரும் சிரித்தார், வரிசையான பற்கள், இந்த வருஷம் அவர்தான் நடுவர், இன்று சாயங்காலம் கையில் பூதக்கண்ணாடியோடு வருவார், அவருக்கு ஊரார் வாயில் ஓட்டை தேடுவதுதானே பிழைப்பு. "ஃபிரேம் அளவு கோணாம நாலு பக்கமும் அரையடி வெட்டிட்டா குருவி போயிரும், அரிசியும் எட்டி நின்னு பார்த்தா தெரியாது. என்ன, கீழ நிக்கிற இந்த அம்மாவும் போயிருவாங்க. யாரு சார் இவங்க?"

யாரா… என் மனைவி, படத்துக்கு ஓர் அளவு வேண்டுமே என்று இடது மூலையில் நிறுத்தினேன், காலடியில் ஒரு சின்ன விளக்கு, அசையாதே என்றேன், அசையவில்லை, மூக்கில் கொசு உட்கார்ந்ததாம், திரும்பி வரும்போது காரில் சொன்னாள், அடிக்கலையே நான், பார்த்தீங்களா, என்று… இருபத்தைந்து விநாடி, பூமி நகர்ந்திருக்கிறது, ஆகாயம் மொத்தமும் நகர்ந்திருக்கிறது, இவள் ஸ்வெட்டரில் ஐந்து பொத்தான், ஐந்தையும் எண்ணலாம், இந்த நாலடியில் கூர்மையாக விழுந்த ஒரே பொருள் இவள்தான், மூலையில் நின்ற பாவத்துக்கு லென்ஸ் பிடித்து இழுத்துத் தலையைச் சுரைக்காய் ஆக்கியிருக்கிறது, அப்படியும் கூர்மை. போன் அடிக்கிறது, அவள்தான். "நான் வந்திருக்கேனா?" "வந்திருக்கே." "தொப்பை தெரியுதா?" "ஓரத்துல நின்னா லென்ஸ் கொஞ்சம் இழுக்கும்." "அப்ப அது உங்க லென்ஸோட தொப்பை, என்னோடது இல்ல. சாயங்காலம் எங்க அக்காகிட்ட நீங்களே சொல்லிருங்க, கூட்டிட்டு வரேன்."

வைத்துவிட்டாள்… வெட்டினால் தலைவர் பிழைப்பார், அக்கா தங்கை இருவரும் படத்தின் முன்னால் நின்று ஓரம் ஓரமாகத் தேடுவார்கள், வெட்டாவிட்டால் பல் டாக்டர் மைக்கைப் பிடிப்பார், ஹால் சிரிக்கும், நானும் பல்லைக் காட்ட வேண்டும், அவருடையதைப் போல வரிசையாகவும் இருக்காது… குனிந்து பார்க்கிறேன், வானத்தைப் பார் என்றுதானே அவளிடம் சொன்னேன், முகத்தை அண்ணாத்தினால் படத்துக்கு நல்லது என்று, இவள் வானத்தைப் பார்க்கவில்லை, கேமராவையும் பார்க்கவில்லை, அதற்கு ஓரடி தள்ளி, நான் நின்ற இடத்தை, இருபத்தைந்து விநாடியும் கண்ணை அங்கேயே வைத்திருந்தால்தான் இப்படித் தெளிவாக விழும், கொசு கடிக்கக் கடிக்க… நான் அப்போது எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன், வாட்சில் விநாடி முள்ளை, பதினெட்டு, பத்தொன்பது என்று… "வெட்டட்டா சார்?" கடைக்காரம்மா ஸ்கேலை வைத்துவிட்டாள், பிளேடும் வந்துவிட்டது, ஆனால் வெட்டாமல் என்னையே பார்க்கிறாள், "கைய எடுங்க சார்" என்கிறாள், எந்தக் கை என்று பார்த்தால் என் இடது கை, எப்போது போனதோ, அந்த மூலையை முழுக்க மூடிக்கொண்டு ஊன்றியிருக்கிறது.