யார் மிதித்தது

கற்களுக்கு நடுவே இருந்த பொடிக்கற்களைத்தான் இனுதேக் முதலில் நோண்டி எடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு இடுக்கிலும் அவன் மனைவி அடைத்து வைத்திருந்தாள். இப்படி யாரும் அடைப்பதில்லை. எரிச்சலாக வந்தது. காலையில் அவள் சவப்பெட்டிமேல் கல் அடுக்கிய கை, மத்தியானம் அவள் அடுக்கிய கல்லைப் பிரித்துக்கொண்டிருந்தது. வடதுருவத்துப் பக்கம் இருக்கிற எங்கள் ஊரில் தோண்ட மண் கிடையாது. செத்தவர்களும் கல்லுக்கடியில்தான், குருவிகளும் கல்லுக்கடியில்தான்.

அவளுடைய தம்பி ஊதாக், கையில் ஒரு கத்தியோடு பக்கத்தில் நின்றான். வீட்டுக்குள் ஊரே உட்கார்ந்திருந்தது. கோடையில் அவள் கடற்குருவிகளைப் பிடித்து, சீல் என்கிற கடல்நாயின் தோலுக்குள் திணித்துத் தைத்து, இங்கே புளிக்க வைத்திருந்தாள். அந்தக் கிவியாக்கைத் தின்னாமல் அவள் சாவு வீட்டிலிருந்து யாரும் எழுந்து போக மாட்டார்கள். கடைக் கோழி தட்டில் ஆறிக் கிடந்தது. யாரும் தொடவில்லை.

"அழுகியிருக்கும்டா," என்றான் இனுதேக்.

"திறக்காமலே தெரியுதா அத்தான்? மூக்கு அவ்வளவு நீளமா வளந்துடுச்சா?"

அவனுக்குத் தெரியும். பையைத் தைக்கும்போதே மேலே ஏறி நின்று மிதித்துக் காற்றை வெளியே தள்ள வேண்டும். உள்ளே காற்று தங்கினால் தின்றவன் பிழைக்க மாட்டான். அவள் தைத்த ஜூலையில் இவன் வேட்டைக்குப் போயிருந்தான். திரும்பி வந்தபோது கல் அடுக்கியாகிவிட்டது. யார் மிதித்தது என்று கேட்டான். நான்தான் என்றாள். அப்போதே நோய் அவளைப் பாதியாக்கியிருந்தது. நாய்க்குட்டி ஏறி நின்றால்கூட அதைவிட அழுத்தம் இருந்திருக்கும். அதற்கப்புறம் பனி விழ வேண்டிய மாதத்தில் மழை கொட்டியது. கல்லைத் தொட்டால் வெதுவெதுப்பு.

போன வாரம் படுக்கையில் கிடந்தபடி ஒரே ஒரு குருவி கேட்டாள்.

"வேண்டாம். கெட்டிருக்கும்."

"நான் மிதிச்சேன்."

"நீ மிதிச்ச லட்சணம் எனக்குத் தெரியாதா?"

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு கேட்கவில்லை.

மகள் ஆலெகா வயிற்றைத் தாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். நகரத்தில் இருக்கிறவள், சாவுக்குத்தான் வந்தாள். பிறக்கப்போகிற பிள்ளைக்குத்தான் அம்மாவின் பெயர். அதுவரை அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்லக் கூடாது, அதனால் நானும் இங்கே சொல்லவில்லை. குருவியில் பாதரசம் இருக்கிறது, பிள்ளைத்தாய்ச்சி தின்னக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருப்பதாகவும், தனக்குப் பங்கு வேண்டாம் என்றும் அவள் சொல்லிவிட்டாள்.

"அப்பா, அம்மா போன்ல சொன்னா. இந்த வருஷம் குருவி ரொம்பக் கம்மியாம். வந்ததும் எலும்பும் தோலுமாம். தொண்டைப் பையை அமுக்கினா சிவப்பு இரையோட நீல நீலமா நூல் வருதாம், வலைக் கயிறு மாதிரி. அதெல்லாம் வேண்டாம்னு தனியா ஒதுக்கிட்டாளாம்."

"அப்புறம் எதை வச்சுப் பையை நிரப்பினா?"

"அதைச் சொல்லலப்பா."

இனுதேக் கணக்குப் போட்டான். குருவியும் குறைவு, மிதிக்கவும் ஆளில்லை. அப்படியென்றால் பாதிப் பை வெறும் காற்று. இரண்டு வருஷம் முன்னால் வெளியூர் ஆட்கள் வந்து குருவிகளைத் தராசில் போட்டார்கள். கடல் சூடாகிவிட்டது, கொழுப்பான இரை இனி கிடைக்காது, பறவை இளைக்கும் என்றார்கள். காகிதத்தோடு வருகிறவன் பேச்சை நம்பக் கூடாது என்பது இனுதேக்கின் கட்சி. அவர்கள் சொன்னபடியே நடந்துவிட்டதில் அவர்கள்மேல் கோபம்தான் கூடியது.

கடைசிக் கல்லைப் புரட்டினான். பெரிய பை எதுவும் இல்லை.

கைக்குழந்தை அளவுக்கு ஒரு பொட்டலம் கிடந்தது. குட்டி சீலின் தோல். வசந்தத்தில், இது எதற்கு ஆகும் என்று அவனே வாசலில் எறிந்த தோல். தையல்மேல் கொழுப்பைக் கெட்டியாகப் பூசியிருந்தாள். விரலால் அழுத்திப் பார்த்தான். விரல் இறங்கவில்லை. இன்னொரு பக்கம் அழுத்தினான். அங்கேயும் இறங்கவில்லை. இந்த அளவுப் பைமேல் யாரும் ஏறி நிற்க வேண்டியதில்லை. உட்கார்ந்த இடத்திலேயே, முழங்கால்களுக்கு நடுவே வைத்து அமுக்கியிருப்பாள்.

ஊதாக் வயிற்றுப் பக்கம் கீறினான். வாடை குப்பென்று வந்தது. சரியான வாடை. ஒரு குருவியை எடுத்து, இறகைத் தோலோடு உரித்து, நெஞ்சுக் கறியைக் கடித்து நிதானமாக மென்றான்.

"அக்கா போட்டதுதான்."

இனுதேக் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனான்.

உள்ளே ஆளுக்குப் பாதிக் குருவிகூட வரவில்லை. நல்லவேளை, பாதிப் பேருக்குப் பல் இல்லை என்று ஒரு கிழவி சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள். ஆலெகா ஒன்றை வாங்கி மோந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள். இருந்ததில் சதைப்பிடிப்பான ஒன்றை ஊதாக் தனியாக எடுத்து வந்து அத்தானிடம் நீட்டினான்.

"வை," என்று சொல்லிவிட்டு இனுதேக் வெளியே போய்விட்டான்.

கொஞ்ச நேரம் கழித்து ஊதாக் வாசலுக்கு வந்து பார்த்தபோது, பெரிய கற்களெல்லாம் பழையபடி அடுக்கி முடிந்திருந்தன. இனுதேக் மண்டியிட்டுப் பொடிக்கற்களைப் பொறுக்கி இடுக்குகளில் வைத்துக்கொண்டிருந்தான்.

"உள்ளதான் ஒண்ணுமில்லையே அத்தான்."

இனுதேக் இன்னொரு கல்லை எடுத்து, திருப்பிப் பார்த்து, பொருந்தாததால் வேறொன்றை எடுத்தான். அதை வைத்துவிட்டு, வெளிச்சம் உள்ளே போகிறதா என்று கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தான்.